மீசை மழித்த கடவுள்

வெர்லின் புரூயட் எட்டு வருஷமாக டெலிவிஷன் நடிகன். இதைச் சொன்னால் அமெரிக்காவின் பர்பாங்க் கடைத்தெருவில் நாய்கூட நம்பாது. நாயைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் முகத்தை எந்தத் தொடரிலும் எவரும் பார்த்ததில்லையே! இரும்பு மனிதன் தடதடவென்று நடந்து வந்தால் உள்ளே வியர்த்துக் கொட்டிக்கொண்டு இருப்பவன் வெர்லின். பல்லி மனிதர்களின் படை ஓடிவந்தால் கடைசிப் பல்லி வெர்லின். தலைக்கவசம் போட்ட விண்வெளி வீரன் பாறையிலிருந்து உருண்டு விழுந்து சாகிறானா, சந்தேகமே வேண்டாம், அதுவும் அவன்தான்.

அவன் வேலை பார்த்த இடத்துக்கு முதலாளி மில்ட்டன் ஸாகரின். எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனுஷர். ‘நெப்டியூன் படை’, ‘ஒன்பதாம் நிலா’ என்று வாராவாரம் அண்டசராசரத்தையும் காட்டுகிற தொடர்கள் அவருடையவை. அந்த அண்டம் முழுவதும் ஒரே கொட்டகைக்குள் அடங்கிவிடும். படையின் ராக்கெட்டுக்குள் நீளமாக ஒரு நடைபாதை வரும் பாருங்கள், அது பழைய யுத்தப் படம் ஒன்றின் நீர்மூழ்கிக் கப்பல். கேப்டன் அதில் இடமிருந்து வலமாக ஓடினால் அது நம்முடைய கப்பல். வலமிருந்து இடமாக ஓடினால் எதிரியின் கப்பல். அழகு நிலையத்தில் பெண்கள் தலை காயவைக்கிற கருவிக்கு வெள்ளிச் சாயம் அடித்துத் துப்பாக்கி ஆக்கியிருந்தார்கள். அடுத்த வாரம் அதையே டாக்டர் கையில் கொடுத்து வைத்தியம் பார்க்கச் சொன்னார்கள். போன வாரம் ஆளைக் கொன்றது இந்த வாரம் ஆளைப் பிழைக்க வைத்தது. பிரபஞ்சம் முழுவதற்கும் பாறை ஒன்றே ஒன்று. எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் அது இவர்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

“வானம் பச்சையா இருந்தா ஒரு கிரகம், சிவப்பா இருந்தா வேற கிரகம். இதுக்கு மேல என்னய்யா கேக்குறீங்க?” என்பார் ஸாகரின். கேப்டனாக வரும் கதாநாயகன் லான்ஸ் டரெலின் பொய்த் தலைமயிரே அவருடைய பழைய கௌபாய் தொடரின் சரக்கு. அதைப் போட்டுக்கொண்டுதான் அந்த ஆள் பெண்களின் கனவில் வந்துகொண்டிருந்தார். அடக் கொடுமையே என்று சிரிப்பதா அழுவதா!

இந்தச் சாமான்களுக்கெல்லாம் காவல்காரர் ஒருவர் உண்டு, பெயர் ஆகி பெல்லோட்டி. இத்தாலிக்காரர், தொப்பை, வாயில் எப்போதும் பற்ற வைக்காத சுருட்டு. எதையும் தூக்கிப் போட மாட்டார். ஒரு கதவின் மேல் அவர் அடித்த சாயத்தைச் சுரண்டினால் கதவைவிடச் சாயம் கனமாக இருக்கும். வெர்லின் சேர்ந்த புதிதில் ஆகிதான் அவனை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, “கவசத்துக்கு அளவு எடுக்கணும், மீசையை எடுத்துடு, இல்லேன்னா பிளாஸ்டரோட சேர்ந்து பிச்சிக்கிட்டு வந்துடும்” என்றார். மீசையை மழித்து, மூக்கில் இரண்டு குழாயைச் செருகி, மூஞ்சி முழுக்கச் சுண்ணாம்புக் குழம்பை அப்பினார். காய்ந்ததும் உரித்து எடுத்தார். கூலியாக ஒரு சலாமி சாண்ட்விச். வெர்லினும் தின்றுவிட்டு மறந்துபோனான். மீசை மறுபடி வளர்ந்தது. உதட்டை மூடித் தொங்குகிற முரட்டு மீசை. சின்ன வயதில் கோவேறு கழுதை உதைத்துக் கோணிப்போன மூக்கை அந்த மீசைதான் கொஞ்சம் மறைத்துக்கொண்டிருந்தது. அவன் மனைவி வாண்டா அவனைக் காதலித்ததும் கட்டிக்கொண்டதும் அந்த மீசையோடுதான்.

வாண்டா டோனட் கடையில் வேலை செய்தாள். சாயங்காலம் சர்க்கரை மணக்க வீட்டுக்கு வந்து, காலைத் தூக்கி முக்காலியில் வைத்துக்கொண்டு டெலிவிஷன் பார்ப்பாள்.

“அந்தப் பல்லி ராஜாவைப் பாத்தா எனக்கு ஏனோ பாவமா இருக்குடா வெர்லின். நம்ம சொந்தக்காரன் மாதிரி இருக்கான்.”

“உங்க அப்பா சாயலா இருக்கும்” என்பான் வெர்லின்.

அந்த அப்பாதான் வில்லங்கம். ஹாலிஸ் டாக்கெட் என்று பெயர். பேக்கர்ஸ்ஃபீல்டில் பஞ்சு அரைக்கும் ஜின்னிங் ஆலையில் மேஸ்திரி. வாழ்நாள் முழுக்க அந்த இயந்திரங்களின் இரைச்சலில் நின்றதில் காது இரண்டும் போய்விட்டது. அங்கே எல்லாருக்கும் அப்படித்தான். அதனால் ஆலைக்காரர்கள் சத்தத்தை நம்புவதில்லை, உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வார்கள். ஹாலிஸ் அதில் புலி. நூறடிக்கு அப்பால் நிற்கிறவன் முணுமுணுக்கிற கெட்ட வார்த்தைகூட அவரிடமிருந்து தப்பாது. டெலிவிஷனையும் அப்படித்தான் பார்ப்பார்.

ஜூலை விடுமுறையில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தபோது ‘நெப்டியூன் படை’ ஓடிக்கொண்டிருந்தது. கேப்டன் வாளை உயர்த்திக் கர்ஜித்தார்.

“இவன் ‘முன்னேறுங்கள்’னு சொல்லலை. ‘இந்தக் கால்சட்டை இடுப்பை அறுக்குது’ன்னு சொல்றான். சத்தத்தை அப்புறமா சேத்து ஒட்டியிருக்கானுங்க” என்றார் ஹாலிஸ், சோளத்தைக் கடித்துக்கொண்டே.

வெர்லின் உற்சாகமாக எழுந்து நின்று திரையைத் தொட்டுக் காட்டினான். “மாமா, மாமா, இதோ, இந்த இரும்பு மனுஷன் நான்தான்!”

“இது தகர டப்பா.”

“உள்ள நான்தான் மாமா இருக்கேன்.”

“உதடு எங்கய்யா? உதடு இல்லாத எவனும் பேசுனதா நான் ஒத்துக்க மாட்டேன்.” கிழவர் சோளக் கட்டையைத் தட்டில் போட்டார். “மாப்பிள்ளை, நான் சொல்றதைக் கேளு. என் பொண்ணு டோனட் பொரிச்சு உனக்குச் சோறு போடுறா. நீ டப்பாக்குள்ள ஒளிஞ்சு விளையாடுறே. ஆலையில எனக்கு ஒரு ஆள் தேவை, வீடும் சும்மா குடுப்பாங்க. நவம்பர்ல நன்றித் திருநாள் விருந்துக்கு வருவீங்கல்ல? அதுக்குள்ள உன் சொந்த மூஞ்சியில, சொந்த உதடு அசைஞ்சு நீ பேசுறதை இந்தப் பொட்டியில நான் என் கண்ணால பாக்கணும். பாத்துட்டா இந்த ஜென்மத்துல உன்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். இல்லேன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்து பஞ்சு அரை.”

வெர்லின் மனைவியைப் பார்த்தான். அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் தெறித்த தழும்புகள்.

“எனக்கும் ஓய்ஞ்சுபோச்சு வெர்லின்” என்றாள். “அப்பா சொல்ற மாதிரியே இருக்கட்டும்.”

அவ்வளவுதான். அன்றிலிருந்து வெர்லினுக்குத் தூக்கம் போயிற்று. ஆலை இரைச்சலுக்குள் போனால் காது போகும், காது போனால் பரவாயில்லை, நடிகன் என்கிற நினைப்பு போய்விடுமே! இயக்குநர் ராஸ்முஸனின் காரைத் துடைத்தான். காபி கொண்டுபோய்க் கொடுத்தான். பாறையைத் தள்ளச் சொன்னால் இரண்டு தடவை தள்ளினான். அவர் இவனை ஏதோ நாற்காலி என்று நினைத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. ஒருநாள் இவன் மேல் கோட்டைக்கூடத் தொங்கவிட்டார்.

அக்டோபரில் அதிர்ஷ்டம் அடித்தது. ‘நெப்டியூன் படை’யில் கேப்டனுக்குச் செய்தி கொண்டுவரும் செய்தி அதிகாரியாக நடிக்க வேண்டிய பையனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் பூசணிக்காய் ஆகிவிட்டது. ராஸ்முஸன் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“ஏய், டப்பாக்குள்ள இருப்பியே, நீ! உனக்கு மூஞ்சி இருக்கா?”

“இருக்குங்க சார்! பொறந்ததுல இருந்தே இருக்குங்க!”

“நாளைக்கு அந்த மீசையை எடுத்துட்டு வா. படையில எவனுக்கும் மீசை கிடையாது. கோயிலுக்குள்ள ஓடிவர்றே, கேப்டன்கிட்ட மூணு வரி பேசுறே, செத்துப்போறே. முடியுமா?”

முடியுமாவா! வெர்லின் அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரவில்லை, பறந்து வந்தான். “கேப்டன், இந்தக் கோயிலில் உயிர் இருக்கிறது! கடவுளைப் பார்க்காதீர்கள்! ஓடிவிடுங்கள்!” என்று குளியலறையில், சமையலறையில், டோனட் கடை வாசலில் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். அந்தப் பகுதி சரியாக நன்றித் திருநாள் வியாழக்கிழமை ஒளிபரப்பாகப் போகிறதாம். தெய்வச் செயல் என்று நினைத்தான். தெய்வம் அவனுக்கு வைத்திருந்த ஆப்பு அவனுக்குத் தெரியாது.

காலையில் மீசையை மழித்துவிட்டு வந்து நின்றான். வாண்டா காபியைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தாள்.

“என்னடி அப்படிப் பாக்கிறே? அசிங்கமா இருக்கா?”

“இல்லடா… எங்கேயோ பாத்த மூஞ்சியா இருக்கு.”

“உன் புருஷன் மூஞ்சிடி அது!”

“அதில்லடா. வேற எங்கேயோ. சரி சரி, போ, நேரமாச்சு.”

ஆகியின் கோயில் தயாராக இருந்தது. பைபிள் படத்துத் தூண்கள், நீர்மூழ்கியின் கதவு, பின்னால் வரிசையாக நான்கு கல் கடவுள்கள். விளக்கு எரிந்தது. லான்ஸ் டரெல் தலைமயிரை அழுத்திச் சரிசெய்துகொண்டார். வெர்லின் ஓடிவந்தான், மூச்சு வாங்க நின்றான், நெஞ்சைப் பிடித்தான்.

“கேப்டன்! இந்தக் கோயிலில் உயிர்…”

கேப்டன் இவனைப் பார்த்தார். இவனுக்குப் பின்னால் பார்த்தார். மறுபடி இவனைப் பார்த்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், ஒட்டியிருந்த தலைமயிர் ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. காமிராக்காரர் சிரித்தார். விளக்குப் பிடிக்கிறவன் ஏணியிலிருந்து விழாத குறை. வெர்லின் ஒன்றும் புரியாமல் திரும்பிப் பார்த்தான்.

நான்கு கடவுள்களும் அவன்தான்! அதே கோணல் மூக்கு, அதே மேடான கன்னம், அதே மழமழவென்ற மேலுதடு. ஒன்றுக்குக் கொம்பு வைத்திருந்தது, ஒன்றுக்கு மூன்றாவது கண் இருந்தது. ஆனாலும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா?

“ஆகி!” என்று கத்தினான் வெர்லின். “என்னய்யா இது?”

ஆகி சுருட்டை வாயின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மாற்றினார். “அச்சு கைவசம் இருந்துச்சுப்பா. நல்ல அச்சு. புது ஆளைக் கூப்பிட்டா புதுசா பிளாஸ்டர் வாங்கணும்னு முதலாளி கத்துவாரு. சரின்னு…”

“எத்தனை எடத்துலய்யா வச்சிருக்கே என் மூஞ்சியை?”

“பல்லி ராஜா நீதான். செவ்வாய்க் கிரகத்துப் பிசாசு நீதான். ‘ஒன்பதாம் நிலா’வுல தலையை வெட்டி வச்சிருப்பாங்களே, கூடை நிறைய, அதெல்லாம்கூட நீதான். பச்சை அடிச்சா பல்லி, கறுப்பு அடிச்சா பிசாசு. மீசையை வச்சிருந்தியா, எனக்கே நீதான்னு மறந்துபோச்சுப்பா.”

பாருங்கள் அநியாயத்தை! முகத்தைக் காட்ட ஒரு வாய்ப்புக் கிடைக்காதா என்று எட்டு வருஷம் தவம் கிடந்தவனின் முகம், எட்டு வருஷமாக வாராவாரம் அமெரிக்கா பூராவும் ஊர்வலம் போயிருக்கிறது. அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியாது.

சிரிப்புச் சத்தம் கேட்டு ஸாகரின் வந்துவிட்டார். சிலைகளைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். “என்ன இது, கடவுளோட தம்பி மாதிரி ஒருத்தன் நிக்கிறான்? பாக்கிறவன் குழம்பிடுவான். ஒண்ணை எடுங்க.”

“சிலையை எடுத்துடலாமா சார்?” என்றார் ராஸ்முஸன்.

“சிலையை எடுக்கத் தச்சன் வேணும், சாயக்காரன் வேணும். இவனை எடுக்க ஒரு வார்த்தை போதும்.” அந்த ஒரு வார்த்தையையும் அவரே சொல்லிவிட்டார்: “போப்பா.”

வெர்லின் நீர்மூழ்கிக் கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். நன்றித் திருநாள், மாமனாரின் சோளக் கட்டை, இயந்திரத்தின் இரைச்சல் எல்லாம் ஒன்றாகத் தலையில் வந்து இறங்கின. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதான். செய்தி அதிகாரியின் மூன்று வரியையும் விளக்குப் பிடிக்கிறவன் வந்து பேசிவிட்டுச் செத்துப்போனது அவனுக்குக் கேட்டது. நன்றாகக்கூட சாகவில்லை.

பிற்பகலில் வேறொரு சிக்கல். கதையின் கடைசியில் கல் கடவுள் வாயைத் திறந்து சாபம் கொடுக்க வேண்டும். ஆகி ஒரு சிலையின் தாடையை அறுத்துக் கம்பி கட்டியிருந்தார். இழுத்தால் கிழவியின் பல்செட்டு மாதிரி அது பொத்தென்று கேப்டனின் காலடியில் விழுந்தது. ஒட்டினார்கள், விழுந்தது. ஆணி அடித்தார்கள், மூக்கும் சேர்ந்து விழுந்தது. ஸாகரின் கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

“அந்த மூஞ்சிக்காரன் எங்கே? கூப்பிடு அவனை!”

கூப்பிட்டார்கள். வெர்லினின் முகத்தில் சாம்பல் சாயத்தை அடித்துத் தலையில் கொம்பை ஒட்டி, உடைந்த சிலை இருந்த பீடத்தில் கழுத்துவரை புதைத்து நிறுத்தினார்கள்.

“உதட்டை மட்டும் அசை. கண்ணைச் சிமிட்டாதே” என்றார் ராஸ்முஸன். “காமிரா உன் வாய்க்கிட்ட வரும்.”

வெர்லின் கொம்பு ஆடாமல் கேட்டான். “வசனம் என்னங்க சார்?”

ஸாகரின் குறுக்கே வந்தார். “வசனமா? உன் ஓக்லஹோமா பட்டிக்காட்டு இழுவையில கடவுள் பேசினா ஊரே சிரிக்கும். ‘ஒன்பதாம் நிலா’வுல ஒரு பூதம் சாபம் குடுத்துச்சே, அந்த ஒலிநாடா அலமாரியில இருக்கு. அதையே ஒட்டிக்கலாம். நீ வாயை அசைச்சா போதும். ஏ, பி, சி, டி சொல்லு. இல்ல சந்தைக் கணக்குச் சொல்லு. எவன் பாக்கப் போறான்?”

எவன் பாக்கப் போறான்! அந்தச் சொல் வெர்லினின் மண்டைக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றியது. பார்க்கிற ஆள் ஒருத்தர் இருக்கிறாரே, பேக்கர்ஸ்ஃபீல்டில்! சாயத்துக்கு அடியில் அவன் முகம் மெல்ல மலர்ந்தது.

“சிரிக்காதேடா, நீ கல்லு!” என்று ராஸ்முஸன் அதட்டினார்.

காமிரா நெருங்கியது. கல் உதடுகள் நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் ஆலைக்காரன் பேசுகிற மாதிரி அகல விரித்து, அசைந்தன. படப்பிடிப்பு இரைச்சலில் எவர் காதிலும் ஒன்றும் விழவில்லை. ஒரே தடவையில் சரியாகிவிட்டது. மறுபடி எடுக்கப் படச்சுருள் செலவாகுமே என்று ஸாகரினும் போதுமென்று கையைக் காட்டிவிட்டார்.

நன்றித் திருநாள் வந்தது. ஹாலிஸ் வீட்டில் வான்கோழி, கிரான்பெர்ரி, பூசணிப் பலகாரம் எல்லாம் மேஜையில் பரப்பியிருந்தன. மரியாதைக்காகக் கிழவர் வேலை உடுப்பு ஒன்றை மடித்து மாப்பிள்ளையின் நாற்காலியில் வைத்திருந்தார். என்ன கொழுப்பு பாருங்கள்! வெர்லின் அதை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு உட்கார்ந்தான். வாண்டாவுக்கு அவன் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. மீசை பாதி வளர்ந்து பல்துலக்கும் தூரிகை மாதிரி நின்றது.

“எங்க, மாப்பிள்ளை? எப்ப வர்றீங்க? இல்ல, இதுலயும் டப்பாதானா?”

“கொஞ்சம் பொறுங்க மாமா.”

பெட்டியில் ‘நெப்டியூன் படை’ ஆரம்பித்தது. நடைபாதையில் வலப்பக்கம் ஓடினார்கள், இடப்பக்கம் ஓடினார்கள், பாறை வந்தது, கோயில் வந்தது. செய்தி அதிகாரி செத்தான். “இது இவனில்லை” என்றார் ஹாலிஸ், வான்கோழியின் காலைப் பிய்த்துக்கொண்டே. வாண்டா தலையைக் குனிந்துகொண்டாள். ஊருக்குத் திரும்பி மூட்டை கட்டுவதை மனதுக்குள் ஆரம்பித்துவிட்டாள் என்று அவள் தோளைப் பார்த்தாலே தெரிந்தது.

திரை முழுவதும் கல் முகம் வந்தது. கொம்பு, கோணல் மூக்கு. பூதத்தின் குரல் வீடே அதிர, “அற்ப மானிடர்களே! மண்டியிடுங்கள்! என் சினம் உங்கள் உலகை எரிக்கும்!” என்று முழங்கியது.

ஹாலிஸுக்கு அந்த முழக்கம் எங்கே கேட்டது! அவர் உதட்டைத்தான் பார்த்தார். கையிலிருந்த வான்கோழிக் கால் பாதி வழியில் நின்றது. கல் கடவுள் அவர் கண்ணைப் பார்த்து, தெள்ளத் தெளிவாகச் சொல்லிற்று:

“யோவ் ஹாலிஸ், கிழட்டுக் கழுதை! நான்தான் வெர்லின். பாத்துட்டேல்ல? இனிமே வாயை மூடிக்கிட்டு வான்கோழியைத் தின்னு!”

கிழவரின் முகம் சிவந்தது. மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். வெர்லின் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தான்.

“என்னப்பா சொல்லுச்சு அது?” என்று கேட்டாள் வாண்டா. சத்தம் ஒன்று, உதடு வேறு என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது. அவள் திரையையும் புருஷனின் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். “அடப்பாவி! பல்லி ராஜா!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஹாலிஸ் வாயைத் திறந்தார், மூடினார். வாக்குக் கொடுத்துவிட்டாரே! எழுந்துபோய் நாற்காலி முதுகில் கிடந்த வேலை உடுப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தார். வான்கோழியின் இன்னொரு காலைப் பிய்த்து மாப்பிள்ளையின் தட்டில் டமாலென்று போட்டார். தோல் மொறுமொறுவென்று இருந்த கால்.

கதை இதோடு முடிந்திருந்தால் கிழவர் பிழைத்திருப்பார். ஸாகரின் விடுவாரா! பேசுகிற கல்லைக் கைவசம் வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவருக்கு மனசு வருமா? கொஞ்சநாள் கழித்து ‘ஒன்பதாம் நிலா’வில் அதே முகம் ஆவியாக வந்தது, குரல் மட்டும் வேறு. ஏப்ரலில் வேறொரு தொடரில் கண்ணாடிக்குள் அடைபட்ட ராட்சதனாக வந்தது. கோடையில் எல்லாவற்றையும் மறுபடி போட்டார்கள். ஈஸ்டரிலும் ஜூலையிலும், சவரம் செய்துகொண்டிருக்கும்போதும் சூப் குடிக்கும்போதும், பெட்டியைப் போட்டால் ஏதோ ஒரு கிரகத்தின் கடவுள் ஹாலிஸ் டாக்கெட்டைக் கிழட்டுக் கழுதை என்று கூப்பிட்டு வான்கோழியைத் தின்னச் சொல்லிற்று.

ஆலையில் சும்மா விடுவார்களா? அங்கே எல்லாரும் உதடு படிக்கிறவர்கள். “என்ன ஹாலிஸ், நேத்து வான்கோழி சாப்பிட்டியா?” என்று இயந்திரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து உதட்டை அசைத்துக் கேட்பார்களாம். கிழவர் மாப்பிள்ளையை அதற்கப்புறம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் கல் முகம் திரையில் வந்தால் மட்டும், யாரும் பார்க்கவில்லை என்றால், நாற்காலியை விட்டு எழுந்து பெட்டிக்கு முன்னால் போய் நின்று, சத்தமே வராமல் உதட்டை அகல விரித்துச் சொல்வார்:

“தின்னுட்டேன்டா. போடா.”